பத்தொன்பதாம் அத்தியாயத்தைத் திருப்பிக் கொடுங்கள்

பங்கர் ஹில், லாஸ் ஏஞ்சலஸ்
அக்டோபர் 1946

நியூயார்க்கில் சட்டைப் பையில் அடங்குகிற புத்தகம் போடும் பதிப்பாசிரியர் ஐயா அவர்களின் மேலான சமூகத்துக்கு, சாப்பாட்டுக் கடை நடத்தும் வெர்னா ஸ்டோப்கா எழுதிக்கொண்டது. தாங்களும் தங்கள் அச்சு இயந்திரங்களும் நலமா? இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம். நான் கொலைகாரி ஆகிவிட்டேன்.

என் கடை மாடியில் குடியிருக்கும் க்ளைட் பெர்டூ எழுதிய துப்பறியும் நாவலைத்தான் சொல்கிறேன். அதில் வருகிற கடைக்காரி நான்தான். பேரையாவது மாற்றக் கூடாதா என்றதற்கு, "வேற பேர் வச்சா கதை ஓட மாட்டேங்குது வெர்னா" என்றான். போகட்டும் என்று விட்டேன். ஏனென்றால் முதலில் மாதப் பத்திரிகையில் தொடராக வந்தபோது, அந்தக் காகிதத்தில் பொதிந்தால் மீனே கோபித்துக்கொள்ளும், ஆனாலும் கதையில் நான் யோக்கியமாக இருந்தேன். அப்புறம் கெட்டி அட்டையில் புத்தகமாக வந்து, நூலகத்தில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் படித்தார்கள். அதிலும் யோக்கியம்தான். பதினெட்டாம் அத்தியாயத்தில் துப்பறிகிறவன் தொப்பியைச் சரித்துக்கொண்டு, "டாக்டர் தின்ன ஆப்பிள் பை பலகாரத்துல எலிமருந்து வச்சது நீதான் வெர்னா" என்பான். பத்தொன்பதில், அது வக்கீலைச் சிக்கவைக்கச் சொன்ன பொய் என்று தெரியும், வக்கீல் குற்றத்தை ஒப்புக்கொண்டு அழுவான். இருபதில் துப்பறிகிறவன் மழையில் தனியாக நடந்துபோவான்.

தங்கள் பதிப்பில் பதினெட்டு முடிந்ததும் நேராக மழை பெய்கிறது.

விரல் வைத்து எழுத்தெழுத்தாகத் தேடிவிட்டேன். என் அத்தியாயத்தைக் காணோம். மாடிக்கு ஓடினேன்.

"எங்கடா பத்தொம்போது?"

"அதையும் சேர்த்தா புத்தகம் பையில நுழையாதாம். நியூயார்க்ல வெட்டிட்டாங்க."

"சட்டை சின்னதாப் போச்சுன்னா கையை வெட்டுவாங்களா?"

"எனக்கும் வருத்தந்தான். நல்ல உவமையெல்லாம் அதுலதான் இருந்துச்சு."

என் கழுத்தில் சுருக்கு விழுந்திருக்கிறது ஐயா, இவனுக்கு உவமை. அட்டையைப் பாருங்கள். ஒரு மஞ்சள் முடிக்காரி அந்த ஆப்பிள் பலகாரத்தை ஏந்தி நிற்கிறாள். அவள் உடுத்தியிருக்கும் துணியில் ஒரு காபிக் கோப்பையைக்கூடத் துடைக்க முடியாது. மருந்துக்கடை, ரயில் நிலையம், முடிவெட்டுகிற இடம், எங்கே பார்த்தாலும் அவள்தான். யோக்கியமாக இருந்தவரை என்னை ஒருவரும் சீண்டவில்லை. கொலைகாரி ஆனதும் ஊரே படிக்கிறது. டாக்சி ஓட்டும் கஸ் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "இன்னிக்கு ஆப்பிளா, எலிமருந்தா?" என்கிறான். "உனக்குப் போட்டு வீணாக்க எலிமருந்து இல்ல, உக்காரு" என்கிறேன். அவன் சிரித்துவிட்டுத் தின்றுவிடுவான்.

தின்னாதவர் ஓர்வில்தான். ஓர்வில் லிண்ட்க்விஸ்ட் டிராம் ஓட்டுகிறவர், கல்யாணம் ஆகாதவர், வருஷக்கணக்காக மத்தியானம் என் கடையில்தான் சாப்பாடு. அடுத்த மாதம் வருகிற நன்றித் திருநாளுக்குள் என்னைக் கல்யாணத்துக்குக் கேட்டுவிடுவார் என்று நானும் நம்பி, புது உடுப்புக்குத் துணிகூடப் பார்த்துவிட்டேன். அவர் இந்த வாரம் வந்து உட்கார்ந்து, காகிதத்தைப் பிரித்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த முட்டை சாண்ட்விச்சை எடுக்கிறார். என் கடையில், என் கண் முன்னால்.

"என்ன ஓர்வில், வீட்டுச் சாப்பாடா?"

"டாக்டர் சொன்னாருங்க வெர்னா."

"எந்த டாக்டர்? கதையில செத்தாரே, அவரா?"

முகம் சிவந்துவிட்டது. காபியைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் வைத்தார். ஐயா, போலீஸ் வந்தால்கூடப் பேசிச் சமாளிப்பேன். இந்த மனிதர் மோந்து பார்த்ததைத்தான் தாங்க முடியவில்லை. ஆகவே அடுத்த அச்சில் பத்தொன்பதாம் அத்தியாயத்தைச் சேர்த்துவிடுங்கள். எழுத்தைப் பொடியாக்கிச் சேருங்கள், இல்லையென்றால் மழையைக் குறையுங்கள், இந்த ஊரில் அவ்வளவு பெய்வதில்லை.

தாங்கள் பிள்ளைகுட்டிகளோடு நன்றாக இருக்க வேண்டும். தங்கள் கத்தரிக்கோல் மட்டும் துருப்பிடிக்க வேண்டும்.

இப்படிக்கு, நிரபராதி,
வெர்னா ஸ்டோப்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ஓர்வில் வந்தார். தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே, "சாண்ட்விச் எங்கம்மா கட்டிக் கொடுத்தது. அவங்களும் படிச்சிட்டாங்க. எங்கம்மா இதுவரைக்கும் ஒருத்தருக்கும் பயந்து நான் பாத்ததே இல்ல, இப்ப உங்களுக்குப் பயப்படறாங்க வெர்னா. நீங்க சாது, அவங்ககிட்ட தாக்குப் பிடிக்க மாட்டீங்கன்னுதான் இத்தன வருஷமா வாயே தொறக்கல" என்றார். பிறகு வாயைத் திறந்தார். நானும் சரி என்றேன். ஆகையால் ஐயா, அந்த அத்தியாயத்தைத் தயவுசெய்து எங்கும் அச்சிட வேண்டாம். என் வருங்கால மாமியாரிடம் இருப்பது கிழிந்த பிரதி, புதிதாக ஒன்று அனுப்பிவையுங்கள்.