பத்து நிமிடம் அசையாத மனிதர்

படத்தில் ஒரு புறா கூட இல்லை. பலூன்காரர் இல்லை, மக்காச்சோள வண்டி இல்லை, இசை மேடையைச் சுற்றி நின்று செல்பி எடுக்கும் கூட்டம் இல்லை. காலை பதினொரு மணிக்கு சான் ப்ரோகோப்பியோவின் நடுச் சதுக்கம் இப்படித் துடைத்து வைத்தது போல இருந்தது என்றால், அந்த ஊரில் பிறந்தவர்களே நம்பமாட்டார்கள்.

ஆனால் இடது பக்க இரும்பு பெஞ்சில் போலீஸ் சீருடையோடு எவரிஸ்தோ இருந்தார். தலை பின்னால் சாய்ந்து, வாய் அகலத் திறந்து, உள்ளே வெள்ளி கட்டிய கடைவாய்ப்பல் வரைக்கும் தெளிவாகப் படத்தில் விழுந்திருந்தார். பாஸ்போர்ட் படத்தில்கூட ஒரு மனிதர் இவ்வளவு தெளிவாக விழமாட்டார்.

"அடக் கடவுளே!" என்றாள் லோர்னா. படத்தை மாநிலச் சுற்றுலா அலுவலகத்துக்கு அனுப்பி இருபது நிமிடம் ஆகியிருந்தது.

லோர்னா கனடாக்காரி. வின்னிபெக்கில் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் பழுது பார்த்தவள். பிறகு மூட்டை கட்டிக்கொண்டு, இரண்டு மாடிக்கு மேல் கட்டடமே இல்லாத இந்த மெக்சிகோ மலையூருக்கு வந்துவிட்டாள். வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறி அக்கம்பக்கத்து ஊர்களைப் படம் பிடிப்பாள். மற்ற நாட்களில் தனக்குத் தோன்றியதை எல்லாம் இணையத்தில் எழுதுவாள். இந்த ஊர் நாய்கள் ஏன் சதுக்கத்தை எப்போதும் குறுக்காகவே கடக்கின்றன? ஒரே தெருவில் பதினொரு செருப்புக் கடைகள் எப்படிப் பிழைக்கின்றன? இவற்றை நாற்பத்து மூன்று பேர் படித்தார்கள். அதில் ஒருவர் அவளுடைய அண்ணன்.

மனிதர்களைப் படத்திலிருந்து மறைய வைப்பதில் மந்திரம் ஒன்றும் இல்லை. கேமராவின் கண்ணுக்கு முன்னால், வெல்டிங் செய்கிறவர் போட்டுக்கொள்வது போன்ற கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்ட வேண்டும். வெளிச்சம் சொட்டுச் சொட்டாகத்தான் உள்ளே போகும். அதனால் ஷட்டரைப் பத்து நிமிடம் திறந்தே வைக்கலாம். சுவரும் மரமும் மணிக்கூண்டும் நின்ற இடத்தில் நிற்பதால் அவற்றின் சொட்டுகள் ஒரே இடத்தில் சேர்ந்து படமாகிவிடும். நடந்து போகிறவர் ஓர் இடத்தில் ஒரு நொடிதான் இருப்பார். அவர் பங்குக்கு ஒரே ஒரு சொட்டு, அது பதியாது. ஆக, பத்து நிமிடமும் அசையாமல் இருக்கிற ஆள் மட்டுமே மாட்டிக்கொள்வார். அப்படி ஓர் ஆள் ஊரில் இருப்பார் என்பதை லோர்னா எண்ணிப் பார்க்கவில்லை.

போன் அடித்தது. தலைநகரத்திலிருந்து சுற்றுலா அதிகாரி பெரெனிசே.

"லோர்னா அம்மா, படம் அபாரம்! மனுஷ வாடையே இல்ல. நெடுஞ்சாலைல பதினஞ்சு மீட்டர் பலகைல போடப்போறோம்!"

"ரொம்ப சந்தோஷம் மேடம்."

"ஒண்ணே ஒண்ணு. பெஞ்சுல ஒரு போலீஸ்காரர் தூங்கற மாதிரி இருக்கே?"

லோர்னா திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"பதினோரு மணிக்கு எடுத்தேன்னு எழுதியிருக்கீங்க. வேலை நேரம். பத்து நிமிஷம் அசையாதவங்க மட்டும்தான் விழுவாங்கன்னும் நீங்களேதான் எழுதியிருக்கீங்க, ரெண்டு பக்கத்துக்கு. ஆளு பேரு என்ன? இன்னைக்கே அந்தாளு வேலைக்கு உலை வெக்கறேன்!"

எதையும் விளக்கமாக எழுதும் தன் பழக்கத்தை லோர்னா முதல்முறையாக வெறுத்தாள். ஒன்றரை வருடத்துக்கு முன்னால், வந்த புதிதில், அவள் நடுத்தெருவில் கேமரா ஸ்டாண்டை நிறுத்தியபோது எல்லாரும் ஹார்ன் அடித்துத் திட்டினார்கள். எவரிஸ்தோ மட்டும்தான் விசிலை ஊதி, இரண்டு லாரியையும் ஒரு கல்யாண ஊர்வலத்தையும் நிறுத்தி, "நீங்க நிதானமா எடுங்கம்மா" என்றார். இந்த ஊரில் அவளுக்குக் கிடைத்த முதல் நண்பர் அவர். அவருடைய வேலை அவளாலேயே போவதா?

"அது சிலை, மேடம்!"



"சிலையா! அதானே பார்த்தேன்! வாய்க்குள்ள பல்லு வரைக்கும் செதுக்கியிருக்கான், என்னா வேலைப்பாடு! வியாழக்கிழமை நேர்ல வந்து பாக்கறேன்."

லோர்னா சதுக்கத்துக்கு ஓடினாள். எவரிஸ்தோ அதே பெஞ்சில் இருந்தார், இப்போது விழித்தபடி. பக்கத்தில் ஷூ பாலிஷ் போடும் நபோர் தன் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தான். நடந்ததை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

எவரிஸ்தோவின் முகம் வெளுத்தது. "அதிகாரி இங்க வராங்களா? விசாரிப்பாங்களா?"

"விசாரிச்சா உங்க வேலை போயிடும், எவரிஸ்தோ. எல்லாம் என் தப்பு."

எவரிஸ்தோவும் நபோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வேலை... ஆமாமா, வேலை" என்றார் எவரிஸ்தோ. "அதைவிடுங்க. குக்காவுக்குத் தெரிஞ்சா என் கதி என்ன ஆகும்னு யோசிங்க." குக்கா அவருடைய மனைவி.

"அண்ணி காதுக்கு மட்டும் போகவே கூடாது" என்றான் நபோர்.

மனைவிக்கு முன்னால் தலைகுனிவதை நினைத்து இந்த மனிதர் இப்படிப் பதறுகிறாரே என்று லோர்னாவுக்குக் கண் கலங்கியது. உடனே போனை எடுத்தாள்.

"மேடம், வியாழக்கிழமை வராதீங்க. சிலையைச் சுத்தம் பண்ணக் கொண்டுபோயிட்டாங்க."

"யாரு? கண்ட கண்ட அமிலத்தை ஊத்திக் கெடுத்துடுவாங்களே! நான் அருங்காட்சியகத்துலேர்ந்து நிபுணரைக் கூட்டிட்டு நாளைக்கே வரேன்."

"ஐயோ, வேணாம் மேடம்! சுத்தம் பண்ணி முடிச்சு... இதோ, இப்பத்தான் திரும்ப வெச்சாங்க. பளபளன்னு இருக்கு."

"அப்ப சரி. வியாழக்கிழமையே வரேன்."

லோர்னா போனை வைத்தாள். முன்பு ஒரு சிலைதான் தேவைப்பட்டது. இப்போது பளபளப்பான சிலை தேவைப்பட்டது.

"பளபளப்புதானே?" என்று நபோர் பிரஷ்ஷைக் கையில் தட்டினான். "அது என் தொழிலாச்சே."

வியாழக்கிழமை காலை, பூட்டியிருந்த செய்தித்தாள் கடையின் பின்புறம் வேலை நடந்தது. சீருடைக்குப் பழுப்பு பாலிஷ் ஒன்பது டப்பா பிடித்தது. முகத்துக்கும் அதையே பூச நபோர் கையைக் கொண்டுபோனபோது லோர்னா தடுத்தாள்.

"தோலுக்கு ஆகாது. கோகோ பொடி கொண்டா."

"சும்மா பொடியைப் பூசினா மண்ணு மாதிரிதானே இருக்கும்?"

"அதனாலதான் எண்ணெய் கலக்கறோம். பொடி வெளிச்சத்தை முழுங்கிடும். எண்ணெய் பட்டா திருப்பி அடிக்கும். மேலே கொஞ்சம் தங்கப்பொடி தூவினா வெண்கலம்."

தங்கப்பொடி தேவாலயத்துப் புனிதர் சிலைகளுக்குப் பூசியதில் மிச்சம். எதற்கு என்று கேட்காமலேயே மணியடிப்பவர் கொடுத்துவிட்டார். அதுவும் லோர்னாவுக்குக் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருந்தது.

பூசி முடித்துப் பெஞ்சில் உட்கார வைத்ததும் லோர்னாவே இரண்டடி பின்வாங்கினாள். பிரமாதமான சிலை.

"நல்லா இருக்கேனா?" என்றது சிலை.

"பேசாதீங்க, கன்னத்துல வெடிப்பு விடுது!"

"மூக்கு அரிக்குதும்மா."

"சிலைக்கு மூக்கு அரிக்காது, அண்ணே" என்றான் நபோர்.

பெரெனிசே வெள்ளைக் கோட்டு அணிந்து வந்து இறங்கினார். பின்னாலேயே ஒரு லாரியில் விளம்பரப் பலகை நடும் ஆட்கள் நான்கு பேர். வரவேற்க மேயரும் வந்திருந்தார். லோர்னாவுக்கு அப்போதுதான் சுருக்கென்றது. தன் போலீஸ்காரரை மேயருக்கு அடையாளம் தெரியாதா?

மேயர் சிலையைப் பார்த்தார். நபோரைப் பார்த்தார். மறுபடி சிலையைப் பார்த்தார். அவருடைய மீசை ஒருமுறை துடித்தது.

"நம்ம ஊர்ச் சிலை" என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு. "ரொம்ப வருஷமா இங்கதான் இருக்கு."

என்ன பெரிய மனசு இந்த மேயருக்கு என்று லோர்னா உருகினாள்.

பெரெனிசே குனிந்து சிலையின் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். பழக்கப்பட்ட பெஞ்சு, பழக்கப்பட்ட வெயில். எவரிஸ்தோ அதற்குள் தூங்கியிருந்தார்.

சிலை குறட்டை விட்டது.

"என்ன சத்தம் அது?"

"காத்து மேடம்!" என்று லோர்னா முன்னால் பாய்ந்தாள். "வெண்கலச் சிலை உள்ள காலியாத்தான் இருக்கும். வெயில்ல உள்ளிருக்கற காத்து சூடாகி விரியும். விரிஞ்சா எங்கயாவது வெளிய போகணும். வாய்தான் திறந்திருக்கே. போனதும் உள்ள அழுத்தம் குறையும், மறுபடி காத்து இழுக்கும். அதனாலதான் விட்டு விட்டு வருது, கேளுங்க... இதோ, போகுது... இதோ, வருது."

"அற்புதம்!" பெரெனிசே தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். "நாங்க எல்லாம் உள்ள காலின்னே யோசிச்சதில்லை."

"உள்ள காலிதான்" என்றார் மேயர். "அது ஊருக்கே தெரியும்."

பெரெனிசே சிலையின் பக்கத்தில் உட்கார்ந்து அதன் தோளில் கையைப் போட்டார். "வெதுவெதுன்னு இருக்கே!"

"வெயில், மேடம்."

"ஒரு படம் எடுங்க."

லோர்னா எடுத்தாள். வாழ்நாளில் முதல்முறையாக நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் ஷட்டரைத் திறந்து எடுத்தாள். பெரெனிசே எழுந்தபோது வெள்ளைக் கோட்டின் ஒரு கை முழுக்கப் பழுப்பாகியிருந்தது. அதை அவர் கவனிப்பதற்குள் ஒரு நாய், வழக்கம்போல் சதுக்கத்தைக் குறுக்காகக் கடந்து வந்தது. பாதி வழியில் மூக்கைத் தூக்கியது. கோகோ. பெஞ்சில் ஏறி, சிலையின் இடது கன்னத்தைத் தாடை வரைக்கும் நிதானமாக நக்கியது.

லோர்னா குறுக்கே நின்று மறைத்துக்கொண்டாள். நபோர் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

"முடிவு பண்ணிட்டேன்" என்றார் பெரெனிசே. "இது இங்க இருக்க வேண்டிய சிலையே இல்ல. தலைநகர்க் கண்காட்சில வெக்கணும். டேய், நாலு பேரும் வாங்க! பெஞ்சோட தூக்குங்க!"

"மேடம், வேணாம்! கனம்!"

"காலின்னுதானே சொன்னீங்க?"

நான்கு பேரும் மூலைக்கு ஒருவராகப் பிடித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று தூக்கினார்கள். பெஞ்சு தரையிலிருந்து ஒரு முழம் எழுந்தது. எவரிஸ்தோ கண் விழித்தார். ஆகாயத்தில் மிதந்தபடி விழித்த எந்த மனிதரும் அலறியிருப்பார். அவர் அலறவில்லை. கை தானாகப் பைக்குப் போயிற்று. விசிலை எடுத்து ஊதி, வலது கையை நீட்டினார்.

"நிறுத்து! எதிர்ல வண்டி வருது!"

நான்கு பேரும் பெஞ்சைப் போட்டுவிட்டு நான்கு திசைக்கு ஓடினார்கள். உண்மையாகவே எதிரில் வந்த ஒரு மினிபஸ் மட்டும் மரியாதையாக நின்றது.

பெரெனிசே தன் கோட்டுக் கையைப் பார்த்தார். முகர்ந்தார். ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு அவர் போட்ட சத்தத்தில் அதுவரை இருந்த புறாக்களும் பறந்துவிட்டன.

"சிலையா இது? வேலை நேரத்துல தூங்கற போலீஸ்காரன்! அதை மறைக்க வெண்கலமாம், காத்தாம், அழுத்தமாம்!"

"மேடம், என்னை என்ன வேணா பண்ணுங்க" என்று லோர்னா கை கூப்பினாள். "என் படமே வேணாம். பலகைல வேற யாரோட படத்தையாவது போட்டுக்கோங்க. இவரை விட்டுடுங்க. கல்யாண ஊர்வலத்தையே நிறுத்தற அளவுக்குக் கடமையுள்ளவர்!"

பெரெனிசே அவளைக் கண்டுகொள்ளவில்லை. "மேயர், இப்ப என்ன செய்யப்போறீங்க?"

மேயர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"எவரிஸ்தோ" என்றார் கனத்த குரலில். "இந்த நிமிஷத்துலேர்ந்து உன்னை போலீஸ் வேலைலேர்ந்து நீக்கிட்டேன்."

நபோரும் தொப்பியைக் கழற்றினான். மினிபஸ்ஸிலிருந்து யாரோ "ஐயோ பாவம்" என்றார்கள். எவரிஸ்தோ மேயரைப் பார்த்த பார்வையில் துளிக் கோபம் இல்லை. ஏதோ உபகாரம் செய்தது போலப் பார்த்தார்.  பெரெனிசே திருப்தியோடு காரில் ஏறிக் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

அப்போதுதான் கூட்டத்தின் ஓரத்தில் ஒரு குள்ளமான அம்மாள் தமாலே என்ற மக்காச்சோளக் கொழுக்கட்டைக் கூடையோடு நிற்பதை லோர்னா கண்டாள். குக்கா. கணவருக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்தவர், எல்லாவற்றையும் பார்த்துவிட்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

லோர்னா அவருடைய கையைப் பிடித்து மரத்தின் பின்னால் அழைத்துப் போனாள்.

"குக்கா, என்னை மன்னிச்சுடுங்க. நான் ஒரு படம் எடுத்தேன். அதுல அவர் விழுந்துட்டாரு. அவரைக் காப்பாத்தப் போயி, கடைசில அவரோட வேலையையே போக்கிட்டேன்."

குக்கா எட்டிப் பார்த்தார். பாதி வெண்கலமும் பாதி மனிதருமாக எவரிஸ்தோ பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழாத தூரம்தான் என்று உறுதி செய்துகொண்டு, குக்கா லோர்னாவின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அவரு ரிட்டையர் ஆகி மூணு வருஷம் ஆச்சு, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுத் தினமும் கிளம்பி வந்துட்டிருந்தாரு, ஓடிப்போயி மேயர் கால்ல விழுந்தாவது அந்த இல்லாத வேலையைத் திருப்பி வாங்கிக் குடுங்க, இல்லேன்னா நாளைலேர்ந்து அந்த மனுஷன் நாள் முழுக்க என் வீட்லயில்ல உக்காந்திருப்பாரு!"