வஞ்சிரமும் என் கொள்கையும்

ஓவிய ஆசிரியராகச் சேருகிறவர்களுக்கு என் ஒரே எச்சரிக்கை: கொள்கை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். நான் வைத்திருந்தேன். 'ஓவியத்தில் தப்பு என்று எதுவுமே கிடையாது.' கரும்பலகைக்கு மேலே பெரிய எழுத்தில் எழுதியே ஒட்டியிருந்தேன். (வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதம். அதற்குள் தத்துவம்!)

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் எதை வரைந்து நீட்டினாலும் "அருமை" என்பேன். வைத்திக்குப்பத்திலிருந்து வரும் ரேவதி மட்டும் ஒரே வஞ்சிர மீனை மூன்று முறை கொண்டுவந்தாள்.

"சார், எங்கியோ இடிக்குது. எங்கன்னுதான் தெரியல."

"உன் மனசுக்குப் பட்டதுதான் சரி" என்று மூன்று முறையும் முழு மதிப்பெண் போட்டு அனுப்பினேன். (சுதந்திரம் கொடுத்ததாக நினைப்பு. உற்றுப் பார்க்கச் சோம்பல் என்பதே உண்மை.)

பெற்றோர் கூட்டத்தன்று வகுப்பறைச் சுவரெல்லாம் படங்களை ஒட்டிவிட்டு, பாராட்டுக்காகக் காத்து நின்றேன். ரேவதியின் அம்மா அஞ்சலை மீன் விற்ற கையோடு வந்தார். மகளின் படத்தருகே நின்றுவிட்டார்.

"இது இன்னா மீனு சார்?"

"வஞ்சிரம்மா."

"வஞ்சிரத்துக்கு வாலு இப்பிடியா இருக்கும்? இதுக்கு முழு மார்க்கா?"

கொள்கையை விளக்கினேன். தலைமையாசிரியை பக்கத்தில் வந்து நின்றதால் சற்று நீளமாகவே விளக்கினேன். அஞ்சலை பொறுமையாகக் கேட்டார்.

"எது போட்டாலும் சரின்னா, நீங்க எதுக்கு சார் தெனம் வர்றீங்க?"

தலைமையாசிரியை சிரிக்கவில்லை. சாக்பீஸை என் கையில் கொடுத்தார். "நீங்களே ஒரு வஞ்சிரம் போட்டுக் காட்டுங்க சார்."

அத்தனை பெற்றோர் முன்னால் வரைந்தேன். உடம்பு, துடுப்பு, வால். கண்ணுக்கு அழகாக இமைமயிர்கூட வைத்தேன்.

அஞ்சலை தலையைச் சாய்த்துப் பார்த்தார். "மை போட்ட மாதிரி கண்ணு இருக்குது. செவுளக் காணோமே. எப்பிடி சார் மூச்சு உடும்?"

வகுப்பறையே குலுங்கியது. சிரிக்காதவள் ரேவதி ஒருத்திதான்.

"நீ சார்கிட்ட கேக்கலியாடி?"

"மூணு வாட்டி கேட்டேம்மா. அருமைன்னாரு."

அந்தப் பெண் புகாராகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை. அன்று வீட்டுக்குப் போனதும், எழுத்தர் வேலை எங்கே காலி என்று தேட ஆரம்பித்தேன். எங்கும் காலி இல்லை. அதனால் அடுத்த ஞாயிறு தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்கு நோட்டுப்புத்தகத்தோடு போய், ஏலம் போகும் மீன்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். திங்கட்கிழமை ரேவதியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் மீனின் வால் எங்கே இடிக்கிறது என்று சேர்ந்து பார்த்தேன். அன்றிலிருந்து எனக்குக் கொள்கை எதுவும் கிடையாது. பிள்ளைகள் "இடிக்குது" என்றால் எங்கே என்று தேடுகிறேன். பாதி நாள் எனக்கும் தெரிவதில்லை.

அன்று விழுந்த பட்டப்பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. பெண் கொடுக்கும் முன் விசாரிக்க வந்த என் மாமனார், என் பெயரைச் சொல்லி முதலியார்பேட்டை முழுக்க அலைந்திருக்கிறார். கடைசியில் டீக்கடைக்காரர், "ட்ராயிங் வாத்தியாரா? செவுள் சாருன்னு கேக்கணும்ல" என்று கை காட்டினாராம்.

மாமனார் இப்போதும் வீட்டுக்கு வந்தால், குழம்பிலிருந்து மீன் தலையை எடுத்து என் தட்டில் வைத்து, ரொம்ப மரியாதையாகச் சொல்வார்:

"இருக்குதான்னு ஒரு வாட்டி பாத்துக்குங்க மாப்ள."