ஏழடுக்கு ஈமச்சின்னம்

‘டமார்!’

மனித நாகரிகம் முதலில் எங்கே தோன்றியது என்று அறிஞர்கள் போட்டுவந்த சண்டை, சென்ற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இந்த ஓசையோடு முடிவுக்கு வந்தது. ஆரணியில், பட்டு நெசவாளர் பரசுராமன் வீட்டு வாசலில், ஜே.சி.பி.யின் பல் ஒரு பலகைக் கல்லில் மோதியிருந்தது.

‘வரலாற்று ஆர்வலர் மன்ற’த்தின் தலைவர், செயலாளர், உறுப்பினர் ஆகிய மூன்று பொறுப்புகளையும் தன்னலமின்றிச் சுமக்கும் நான், சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

குழி தோண்ட வைத்தவர் பரசுராமன்தான். புது ரோடு போடுமுன் பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்பது விதி. எடுத்தாயிற்று என்றது கோப்பு. எடுக்கவேயில்லை என்றார் பரசுராமன். ரோடு ஏற ஏற அவர் வீடு மூன்றடி கீழே போய்விட்டது. ஒரு மழைக்கே தறிக்குழியில் முழங்கால் தண்ணீர். தறியில் ஏற்றிய பாவில் இருக்கும் பட்டு பாழ். எட்டாவது ரோடு வருகிறது என்றதும், மனு மேல் மனு போட்டு ஒரு ‘சோதனைக் குழி’க்கு உத்தரவு வாங்கிவிட்டார்.

பெயர் சொல்ல விரும்பாத ஓர் அலுவலகத்தின் பொறியாளர் சிவப்பிரகாசம், குழியோரம் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

“பாருங்க சார். ஏழு ரோடு, ஒண்ணு மேல ஒண்ணு படுத்துகினு கீது” என்றார் பரசுராமன்.

எட்டிப் பார்த்தேன். மெய்சிலிர்த்தது.

“இது ரோடு இல்லை. ஈமச்சின்னம்” என்றேன்.

“எந்தக் கட்சியோடது?” என்றார் பரசுராமன்.

விளக்கினேன். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் இறந்தவரைக் குழியில் வைத்துப் பலகைக் கல்லால் மூடினார்கள். அதன்மேல் களிமண். அதன்மேல் சரளை. பிறகு வேறெங்கிருந்தோ சுமந்து வந்த செம்மண். உச்சியில் கற்குவியல். போட்டதைச் சுரண்டும் அற்பப் புத்தி அவர்களுக்கு இருந்ததில்லை. இங்கும் அதே ஒழுங்கு. அடியில் பலகைக் கல், மேலே செம்மண், ஜல்லி, கறுப்பு. மறுபடி ஜல்லி, கறுப்பு. நான்காம் அடுக்கில் ஒரு பான் மசாலா உறை கிடைத்தது. வடநாட்டோடு முன்னோர் செய்த வணிகத்துக்கு வேறென்ன சான்று வேண்டும்? மேலே வர வர அடுக்குகள் மெலிந்து, கடைசி அடுக்கு அப்பளக் கனம். கலை நுணுக்கம் வளர்ந்திருக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை, ஏதோ திருவிழாவை ஒட்டி, அவசர அவசரமாக ஓர் அடுக்கு ஏறியிருப்பதாகக் கணித்தேன்.

“அடியில கீறது எங்க வாசப்படி சார். கல்யாணம் பண்ணிகினு வந்தப்போ அதுமேல ஏறித்தான் உள்ள போனோம். இப்போ நாலு படி எறங்கிப் போறோம்.”

“ஆராய்ச்சியில உணர்ச்சிவசப்படக் கூடாது” என்றேன்.

சிவப்பிரகாசத்தின் வியர்வை நின்றது. “ஈமச்சின்னம்னா தோண்டக் கூடாதுல்ல சார்?”

“ஒரு ஜல்லியைக்கூட அசைக்கக் கூடாது.”

“மேல இன்னோர் அடுக்கு போட்டுப் பாதுகாக்கலாமா?”

“முன்னோர் செய்தது அதுதானே.”

“யோவ், பேஜார் பண்ணாதீங்கய்யா. மழை வர்றா மாதிரி கீது” என்றார் பரசுராமன்.

அங்கேயே கூட்டம் கூடியது. டீ வந்தது. குழியை ஜல்தியாக மூடுவது, எட்டாவது ரோட்டை ‘பாரம்பரியப் பாதுகாப்புப் பணி’ என்று அழைப்பது, எனக்குப் பொன்னாடை போர்த்துவது என மூன்று தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறின. பரசுராமனின் கூச்சல் ‘பொதுமக்களின் ஆர்வம்’ எனப் பதிவாயிற்று. பட்டுக்குப் பேர்போன ஊரில் எனக்குப் போர்த்தியது பாலியெஸ்டர். அதுவும் வளர்ச்சிதான்.

தூறல் விழ ஆரம்பித்தது. அறிக்கையை எழுதிக்கொண்டிருந்த சிவப்பிரகாசம் பேனாவை நிறுத்தினார்.

“ஒரு கட்டம் காலியா இருக்கு சார். ஈமச்சின்னம்னா உள்ள யாராவது இருக்கணுமே?”

எங்கள் கணுக்கால் உயரத்தில் ஒரு ஜன்னல் திறந்தது. தண்ணீர் இறைக்கும் வாளியோடு பரசுராமனின் மனைவி கற்பகம் அண்ணாந்து பார்த்தார்.

“நாலு பேர் கீறோம்னு எழுதிக்கோங்க சார்.”