மூன்றாவது விசிலுக்குப் பிறகு

மாண்பமை நீதிபதியும் என் மனைவியின் ஒரே தம்பியுமாகிய தங்களுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் மனைவியும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் தினமும் பொய்ச்சாட்சிகளைப் பார்த்துச் சலித்திருக்கும் ஒருவருக்கு முதல் வரியிலேயே பொய் எழுத மனம் வரவில்லை. அக்கா சுகம். என் இடது கடைவாய்ப் பல் சுகமில்லை. என் மானம் அதைவிட மோசம். பதவிக்கு மரியாதையாக இதுவரைக்கும் 'தாங்கள்' போட்டுவிட்டேன். இனிமேல் கைப்பழக்கத்தில் 'நீ'தான் வரும், கோர்ட் அவமதிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே.

விஷயம் நம்ம எஞ்சினைப் பற்றியது. வரைபட ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நான் நீராவி எஞ்சின் நேசர் சங்கத்தில் சேர்ந்ததும், இப்போது அதற்குத் தலைவராக இருப்பதும் உனக்குத் தெரியும். பூங்காவில் புறா எச்சத்தோடு நின்றுகொண்டிருந்த அந்தக் கறுப்பு எஞ்சினை, மனு மேல் மனு போட்டு வாங்கி, பழைய சரக்கு ஷெட்டில் நிறுத்தி, கொதிகலனை மாற்றி, சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு, கடைசியில் பார்த்தால் எல்லாம் இருக்கிறது, விசிலை மட்டும் காணோம். எந்தப் புண்ணியவானோ எப்போதோ கழற்றிக்கொண்டு போயிருக்கிறான். விசில் இல்லாத எஞ்சின் எதற்கு? புதிதாகச் செய்துவிடலாம் என்றார்கள். சரி, எந்தச் சத்தத்தில் செய்வது? அங்கேதான் வினை ஆரம்பித்தது. சங்கத்தில் எல்லோரும் சின்ன வயதில் அந்த விசிலைக் கேட்டவர்கள்தான், ஆனால் ஒருத்தர் கேட்டதை இன்னொருத்தர் கேட்கவில்லை. பல் டாக்டர், அதுதான் என் பால்ய சிநேகிதன், என் வாய்க்குள் இருக்கிற ஒவ்வொரு பல்லின் ஜாதகமும் தெரிந்தவன், எழுந்து நின்று, "அது அடிவயித்துலேருந்து வரும்யா. கூ...ஊ...ன்னு. கேட்டா நெஞ்சு அதிரும்" என்று சொல்லி, வயதுக்கு மீறிய சக்தியோடு கூவியும் காட்டினான். பாதிப் பேர் கை தட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் ஞாபகத்தை நம்புகிறான், என்னிடம் ஆதாரம் இருக்கிறதே!

உன் டேப்பைத்தான் சொல்கிறேன். எஞ்சின் கடைசியாக ஓடிய அன்று ஆபீஸில் தணிக்கை, எனக்கு லீவு கிடைக்கவில்லை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத நான், காலேஜ் படித்துக்கொண்டிருந்த உன் கையில் என் டேப் ரிக்கார்டரைக் கொடுத்து, "ஸ்டேஷன் மேம்பாலத்துல நின்னு பதிவு பண்ணிடுப்பா" என்று கெஞ்சினேன். நீயும் வெயிலில் நின்று பதிவு செய்து கொண்டுவந்தாய். முகம் எல்லாம் சிவந்திருந்தது, இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றிலிருந்து முப்பது வருஷத்துக்கும் மேல் அந்த டேப்பைக் கேட்டு வருகிறேன். மூன்று விசில். முதலாவது பிளாட்பாரத்தை விட்டுக் கிளம்பும்போது. இரண்டாவது வளைவில். மூன்றாவது பாலத்தில், நமக்கெல்லாம் கடைசியாக விடை சொல்கிற மாதிரி. நடுவில் கடகடவென்று ஒரு அதிர்வு வரும், அது இணைப்புத் தண்டு. டங் என்று ஒரு சத்தம் வரும், அது நிலக்கரி அள்ளுகிற கரண்டி. எனக்கு எல்லாம் அத்துப்படி. மூன்றாவது விசில் அடங்கியதும் டேப்பை நிறுத்திவிடுவேன். அதற்கு மேல் மனசு தாங்காது. எஞ்சின் போன பிறகு வெறும் தண்டவாளத்தை யார் கேட்பது? நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்கும்போதெல்லாம் உன் அக்காவும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிடுவாள். தோள் குலுங்கும். எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாதவளுக்கே அவ்வளவு உணர்ச்சி என்றால் பார்த்துக்கொள்.

பொதுக்குழுவில் டேப்பைப் போட்டேன். ஒலிபெருக்கி வைத்துத்தான். உஸ்ஸ்ஸ் என்று முதல் விசில் வந்ததும் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பல் டாக்டர் மட்டும் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இது எஞ்சின் இல்லைய்யா. ஏதோ கொதிக்குது" என்றான். நான் விடுவேனா? "எஞ்சின்ல கொதிக்காம வேற என்னய்யா நடக்கும்?" என்று கேட்டேன். சபையே சிரித்தது. அவன் முகம் செத்துப்போயிற்று. குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனவன்தான், சங்கத்துக்கும் வரவில்லை, என் வீட்டுக்கும் வரவில்லை. என் பல்லில் வேர்ச் சிகிச்சையைப் பாதியில் நிறுத்தி, தற்காலிகமாக எதையோ அடைத்து அனுப்பியிருந்தான். அந்த அடைப்பும் அன்று சிரித்த சிரிப்பில் ஆடிவிட்டது. வேறு டாக்டரிடம் போகலாமே என்கிறாள் உன் அக்கா. முடியுமா? அவன் தொட்ட பல்லை இன்னொருத்தன் தொட்டால் அப்புறம் எங்களுக்குள் என்ன மிச்சம்? நானாகப் போனால் தோற்றதாக ஆகிவிடும். ஆகவே வலது பக்கமாகவே மென்று காலத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

லேத் பட்டறைக்காரர் டேப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அதே சுருதியில் பித்தளை விசில் கடைந்து கொடுத்தார். "ரொம்பப் பழகின சத்தமா இருக்கே சார்" என்றார். நல்ல சத்தம் அப்படித்தான், ரத்தத்தில் ஊறிவிடும் என்றேன். போன ஞாயிற்றுக்கிழமை சோதனை ஓட்டம். ஷெட்டைச் சுற்றி நல்ல கூட்டம். நிலக்கரி போட்டு, நீராவி ஏறி, என் கையாலேயே கயிற்றை இழுத்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. அட, டேப்பில் இருக்கிறது அப்படியே! நான் பூரித்துப்போய்த் திரும்பிப் பார்த்தால் ஷெட்டுக்குப் பின்பக்கத் தெருவில் அமளி. இடுப்பில் துண்டோடு ஒருத்தர் குளியலறையிலிருந்து சமையலறைக்கு ஓடுகிறார். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு, "ஏங்க, அடுப்பை அணைங்க!" என்று கத்துகிறாள். கீழேயிருந்து அவள் புருஷன், "அணைச்சுட்டேன், ஆனா திறந்தா வேகவே இல்லையே" என்கிறான். அன்றைக்கு அந்தத் தெரு முழுக்க அரைவேக்காட்டுச் சாப்பாடு. வயிறு காய்ந்தவர்கள் எல்லாம் ஷெட் வாசலில் வந்து நின்று என்னைத்தான் கேட்டார்கள். வேடிக்கை பார்க்க வந்திருந்த பல் டாக்டர், குடையை ஊன்றிக்கொண்டு, நிதானமாக ஒரே வார்த்தை சொன்னான்: "இறக்கிடலாமே." கூட்டம் கொல்லென்று சிரித்தது. என்னைப் பார்த்து அத்தனை பேர் சிரித்து நான் பார்த்ததில்லை, நிஜமாகவே வலித்ததப்பா. பல்லைச் சொல்லவில்லை.

இப்போது செயற்குழு என்ன சொல்கிறது தெரியுமா? திறப்பு விழாவுக்கு முன்னால் டேப் உண்மையானது என்று நிரூபிக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் நான் ராஜினாமா செய்து, பொதுக்குழு நடுவில் பல் டாக்டரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். எனக்கு இருக்கிற ஒரே சாட்சி நீ. நீதிபதி கையெழுத்து என்றால் யார் வாய் திறப்பார்கள்? 'மேற்படி விசிலை மேம்பாலத்தில் நின்று நானே பதிவு செய்தேன்' என்று இரண்டு வரி எழுதி, உன் முத்திரையோடு அனுப்பு. முத்திரை தெளிவாக விழட்டும். டேப்பின் பிரதி ஒன்றும் இத்துடன் அனுப்புகிறேன், கேட்டு ஞாபகத்தைப் புதுப்பித்துக்கொள்.

தங்கை போன்ற உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நீண்ட ஆயுளோடும் உறுதியான பற்களோடும் இருக்கட்டும். உன் தீர்ப்புகளெல்லாம் மேல்கோர்ட்டில் நிலைத்து நிற்கட்டும்.

உன் வருகையைவிட உன் முத்திரையை அதிகம் எதிர்பார்க்கும்,
அத்தான்.

பின்குறிப்பு: முத்திரை வேண்டாம். அனுப்பிவிடாதே.

உனக்குப் பிரதி எடுக்க டேப்பைக் கடையில் கொடுத்தேன். கடைக்காரனுக்கு என்னைப் போல இளகின மனசு இல்லை. மூன்றாவது விசிலுக்குப் பிறகும் ஓடவிட்டான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு பெண் குரல்: "மூணு வந்துடுச்சு, அடுப்பை அணைடா. சினிமாவுக்குப் போய் ரயிலை விட்டுட்டு வந்து நிக்கிறே, அவர் வர்றதுக்குள்ள மிஷினை நிறுத்து." அதற்கு ஒரு பையன், மாண்பமை நீதிபதியேதான், "அக்கா, அத்தான் கண்டுபிடிச்சிட்டா?" என்கிறான். "அவரா? கண்ணை மூடிக்கிட்டுத்தான் கேட்பாரு." பிறகு இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள்.

வீட்டுக்கு வந்து அவளைக் கேட்டேன். "அன்னைக்கே சொல்லியிருப்பேன். நீங்க கேட்டுட்டு அழுதீங்க. அப்புறம் எப்படிச் சொல்றது?" என்றாள். கோபப்படத்தான் உட்கார்ந்தேன், வரவில்லை. கல்யாணமான புதிதில் அவள் குரல் அப்படித்தான் இருந்தது. எனக்கே மறந்துபோயிருந்தது. இப்போதெல்லாம் விசிலை ஓட்டித் தள்ளிவிட்டு, நான் இத்தனை நாள் நிறுத்திய இடத்திலிருந்துதான் கேட்கிறேன்.

பல் டாக்டருக்குப் போன் போட்டேன். பொதுக்குழுவுக்கு முன்னால் இவனிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அதாவது வலது பக்கத்துப் பல்லை, ஆரம்பித்தேன். விசில், டேப், குக்கர் என்று எல்லாம் ஒன்றோடொன்று குழம்பி வெளியே வந்தது. முழுதும் கேட்டுவிட்டு அவன், "இறக்கிட்டியா?" என்றான்.

"இறக்கிட்டேன்" என்றேன்.

"சரி, காலையில வா. வெறும் வயித்தோட வராதே, ஊசி போடணும்" என்றான்.