ஆலங்குழி மாவட்டத்தின் பத்துப் பெயர்கள்

எந்தப் பள்ளிக்கூட வரைபடத்திலும் அகப்படாத ஒரு நாட்டுக்குச் சரியாக நூறு மாவட்டங்கள். யாராவது வாய் தவறித் தொண்ணூற்றொன்பது என்றால் அரசருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

அங்கே படைத்தலைவர் கல்லூரி என்று ஒன்று இருந்தது. அதில் படித்தவர்கள்தான் படையை நடத்தலாம். ஆனால் தேர்வு எழுதினால் மட்டும் அங்கே இடம் கிடைக்காது. ஒவ்வொரு மாவட்டப் பிரதிநிதியும் தன் மாவட்டத்தில் குடியிருக்கும் பத்துப் பேரை ஆண்டுதோறும் முன்மொழிவார்; அதில் ஒருவரைக் கல்லூரி நியமிக்கும். முன்மொழியப்படாதவர் நாட்டிலேயே முதலாவதாக வந்தாலும் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். சட்டம் நல்ல எண்ணத்தில் பிறந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் தலைநகரத்துப் பிள்ளைகளே எல்லாப் படைகளுக்கும் தலைவர்களாகி, அடுத்த ஊர்ப் பிள்ளைகளைச் சாகக் கொடுத்தார்களாம். மாவட்டத்துக்கு ஒரு தலைவன் இருந்தால் தன் ஊர்ப் பிள்ளைகளைப் பத்திரமாகக் கூட்டிவருவான் என்று யாரோ ஒரு மனிதர் நம்பியிருக்கிறார்.

நாற்பத்தேழாவது மாவட்டம் ஆலங்குழி. தலைநகரத்துப் பூங்காக்களின் நீரூற்றுகளுக்குத் தண்ணீர் போதவில்லை என்று அங்கே ஓர் அணை கட்டினார்கள். மூன்றே மழையில் மாவட்டம் முழுக்கத் தண்ணீருக்குள் போய்விட்டது. மக்களை ஒரு மொட்டைப் பாறைமேல் தகரக் கொட்டகைகளில் குடிவைத்தார்கள். பாறை எந்த மாவட்டத்தைச் சேரும் என்பது அளந்த பிறகு அறிவிக்கப்படும் என்று ஆணை வந்தது. பன்னிரண்டு வருடமாக அளக்க ஆள் வரவில்லை.

நூறு குறையக் கூடாதே! ஆகவே பிரதிநிதி அடலேறனார் பதவியில் தொடர்ந்தார். தேர்தலுக்குத் தேர்தல் அவரை எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை. முன்மொழியத்தான் அவருக்கு ஆள் இல்லை. அந்தக் குறையையும் அரசர் தீர்த்துவைத்தார். மூழ்கிய வீடுகள் அநாதையாகக் கிடக்கலாகாது, விரும்பும் குடிமக்கள் அவற்றில் வசிப்பவர்களாகப் பதிந்துகொள்ளலாம் என்றார். இதற்கு ‘நினைவுக் குடியிருப்பு’ என்று பெயர். ஒரே மாதத்தில் பெரிய வீட்டுப் பிள்ளைகளால் ஆலங்குழி நிரம்பி வழிந்தது. பாறைமேல் இருந்தவர்களின் காதுக்கு இந்தச் செய்தி எட்டவே இல்லை.

பாறையில் ஒண்டிமுத்து என்றொருவர் இருந்தார். அணைக்குக் கல் சுமந்தபோது ஒரு கால் நசுங்கியவர். அவருடைய ஒரே மகள் செவந்தி அந்த வருடம் கல்லூரித் தேர்வில் நாட்டிலேயே முதலாவதாக வந்தாள். அப்பாவும் மகளும் இரண்டு நாள் பயணம் செய்து அடலேறனார் முன்னால் போய் நின்றார்கள்.

“வீட்டு முகவரி?” என்றார் அவர், பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே.

“ஆலங்குழி, கிணத்துத் தெரு, பதினாலாம் நம்பருங்க. இவ அங்கதான் பொறந்தா.”

“அங்கே ஏற்கெனவே ஒருவர் வசிக்கிறாரே. இளவெற்றி, நிதியமைச்சரின் தங்கை மகன். மிகவும் அமைதியான இளைஞர். ஆறு வருடமாக அக்கம்பக்கத்திலிருந்து ஒரு புகார் இல்லை.”

ஒண்டிமுத்து பதிவேட்டை எட்டிப் பார்த்தார். “தண்ணிக்குள்ளயாங்க?” என்றார்.

“வசிப்பிடத்தின் ஈரப்பதம் குறித்துச் சட்டம் எதுவும் கூறவில்லை.”

“ஐயா, அந்தப் பத்துப் பேர்ல எம்பேரையும் எழுதக் கூடாதுங்களா? கடைசியா இருந்தாலும் பரவால்லீங்க” என்றாள் செவந்தி.

“உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது, மகளே. உன் மாவட்டப் பிரதிநிதியிடம் கேட்டுப்பார்.”

“எங்க மாவட்டம் இதுதானுங்க.”

“இல்லையம்மா. நீ பாறை.”

“அப்பப் பாறைக்கு யாருங்க பிரதிநிதி?”

“பாறைக்கு எதற்குப் பிரதிநிதி?” என்று அடலேறனார் உண்மையிலேயே வியந்தார்.

இளவெற்றி நியமனம் பெற்றான். இந்தச் சந்திப்பால் மனம் நொந்த அரசு புதிய ஆணை ஒன்றும் போட்டது. மற்றவர் பெயரில் பதிவான வீட்டைத் தன் வீடென்று சொல்வது ‘அத்துமீறிய நினைவு’ எனும் குற்றம். அதற்குப் பிறகு பாறைமேல் மக்கள் தங்கள் ஊரைப் பற்றி மெதுவாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

நான்கு வருடம் கழித்துப் போர் வந்தது. அடிமட்டச் சிப்பாய்க்கு முன்மொழிவும் தேவையில்லை, நியமனமும் தேவையில்லை. அளக்க ஆள் வராத பாறையைப் படையாட்கள் ஒரே காலையில் எண்ணி முடித்தார்கள். கொட்டகைக்கு ஒருவர் என்றார்கள். அப்பாவின் காலைப் பார்த்துவிட்டுச் செவந்தியே கிளம்பினாள்.

“சொந்த ஊரை எழுதும்மா” என்றார் எழுத்தர்.

“அத்தாட்சி வேணுங்களா?”

“இதுக்கெல்லாம் எதுக்கும்மா அத்தாட்சி?”

அவள் நிதானமாக, அழகான கையெழுத்தில், ஆலங்குழி, கிணற்றுத் தெரு, பதினான்கு என்று எழுதினாள். அவளோடு போன அத்தனை பேரும் தத்தம் பழைய வீட்டு முகவரியையே எழுதினார்கள். சொந்த ஊரைக் கேட்க ஓர் இடமாவது இருந்ததே என்று அவர்களுக்கு அற்ப சந்தோஷம்.

அவர்களுடைய படைத்தலைவன் தோளில் ‘ஆலங்குழி’ என்ற பட்டை இருந்தது. செவந்திக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“ஐயா, நீங்க கிணத்துத் தெருங்களா?”

“எந்தத் தெரு?” என்றான் இளவெற்றி.

அவன் கெட்டவன் இல்லை. பயந்தவன். இருட்டுவதற்குள் ஓர் ஆற்றைக் கடக்கச் சொன்னான். “வேண்டாமுங்க, மேக்க மழை பேஞ்சிருக்குது, தண்ணி செவந்து வருது” என்றாள் அவள். வரைபடத்தில் முழங்காலளவு என்றுதான் போட்டிருந்தது. பாறைக்காரர்களில் இருபத்துமூன்று பேர் அந்த ஆற்றோடு போனார்கள். செவந்திதான் முதலில் இறங்கியவள். அவளுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. எழுதவே கை கூசுகிறது.

மரண ஓலைகள் முறைப்படி ஆலங்குழி முகவரிகளுக்கு அனுப்பப்பட்டன. அந்த முகவரிகளுக்கு வரும் தபாலைத் தலைநகரத்தில் இருக்கும் பதிவுபெற்ற குடியிருப்பாளர் வீட்டில் கொடுப்பது அஞ்சல் விதி. இளவெற்றியின் தாய் கறுப்புக் கரை போட்ட உறையைக் கண்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே ஒரு பெண்ணின் பெயரைப் பார்த்ததும், “அப்பாடா, எம்பிள்ளை இல்லை” என்று விழுந்து கும்பிட்டாள். பிறகு, ‘இப்படி யாரும் இங்கே இல்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்பினாள். அவளைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மற்ற இருபத்திரண்டு வீடுகளும் அப்படியே எழுதின. வீட்டார் ஏற்காத மரணத்தைக் கணக்கில் சேர்க்கப் போர்த்துறையின் விதியில் இடமில்லை.

போர் முடிந்து இளவெற்றிக்கும் அடலேறனாருக்கும் பதக்கம் கிடைத்தது. அறிவிப்பு வண்டி பாறைக்கும் வந்தது: “மாமன்னரின் அருளால், ஆலங்குழி மாவட்டத்திலிருந்து போருக்குச் சென்ற ஒருவர்கூட உயிரிழக்கவில்லை!”

பாறையே கட்டிப்பிடித்து அழுதது. ஒண்டிமுத்து கொட்டகை கொட்டகையாக நொண்டிக்கொண்டே ஓடினார். “கேட்டீங்களா? ஆலங்குழின்னே சொல்லிப்போட்டாங்க! எம்புள்ள இருக்குறா!”

மறுநாள் காலையிலேயே கீழே சாலைக்கு இறங்கி உட்கார்ந்தார். இப்போதும் தினமும் போய் உட்காருகிறார். வண்டி வந்து நிற்கும்போதெல்லாம் எழுந்து, “எம்பொண்ணு பின்னால வர்றாளுங்களா?” என்று கேட்கிறார். ஆற்றிலிருந்து உயிர்தப்பி வந்த இரண்டு பேருக்கு உண்மை தெரியும். அவர்களும் தலையைக் குனிந்துகொண்டு போகிறார்கள். அரசு அறிவிப்பை மறுத்துப் பேசுவது அந்த நாட்டில் குற்றம்.