தளபதி மனைவியின் நூற்றுப் பதினாறாவது மாதம்

என் மனைவியை ‘ஏழாம் விண்படை’ படிக்க வைத்துவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முடிவு செய்தேன். அந்த முடிவுதான் என் முடிவு.

நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் கிரீஸும் கம்பியுமாக மல்லாடுகிறவன். பன்னிரண்டாம் மாடிக்கு மேல் போனதில்லை. அதற்கு மேலே போகவேண்டுமானால் எனக்கு இருந்த ஒரே வழி ஏழாம் விண்படைதான். நாவல் வரிசை. இதுவரை பதினாறு பாகம். ஒவ்வொன்றும் தலைக்கு வைத்துப் படுக்கிற தடிமன். விண்வெளியில் போர். முதல் பாகத்தில் ஆரம்பித்தது, பதினாறிலும் ஓயவில்லை.

இதற்கென்று எங்கள் ஊரில் ஒரு வாசகர் வட்டமும் உண்டு. ஞாயிறு மாலை, பல் டாக்டர் வீட்டு முன்னறையில் கூடுவோம். நோயாளிகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரும் அதே நாற்காலிகள். நடுவே மேஜையில் பிளாஸ்டரில் செய்த ஒரு பெரிய கடைவாய்ப் பல். டாக்டர்தான் தலைவர். மருந்துக்கடைக்காரர் துணைத் தலைவர். நான் செயலாளர். உறுப்பினர்கள் யாரும் கிடையாது. பதினாறு பாகமும் படித்தவர்களை மட்டுமே சேர்ப்பது என்று விதி. விதியை எழுதியவன் நான்.

எங்கள் கருத்துகளை ஒரு நோட்டில் எழுதி வைப்போம். டாக்டர் எழுதியது: “ஐந்தாம் பாகம் சுமார். நாற்பது பக்கம் போயும் ஒருவர்கூடச் சாகவில்லை.” மருந்துக்கடைக்காரர் எழுதியது: “ஒன்பதாம் பாகம் காவியம். கப்பல்கள் மோதும்போது யாரும் குறுக்கே பேசவில்லை.” நான் எழுதியது: “பதினோராம் பாகத்தில் பீரங்கி பதினான்கு. பன்னிரண்டில் பதினாறு. ஆசிரியர் விளக்க வேண்டும்.” இந்த இரண்டு பீரங்கிக்காக டாக்டரும் மருந்துக்கடைக்காரரும் இரண்டு மாதம் பேசிக்கொள்ளவில்லை. அந்தச் சமயம் பார்த்து மருந்துக்கடைக்காரர் ஒரு பல்லைப் பிடுங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. மரத்துப்போகிற ஊசியை டாக்டர் கொஞ்சம் சிக்கனமாகப் போட்டார் என்று கேள்வி.

இதையெல்லாம் என் மனைவி மதிக்கவில்லை.

“படை படைன்னு ராப்பகலா சொறிஞ்சுக்கறீங்களே, உங்க மருந்துக்கடைக்காரர்கிட்டயே ஒரு களிம்பு வாங்கிப் போட்டுக்கிட்டா என்ன?” என்பாள்.

வருஷக்கணக்கில் கேட்டேன். கடைசியில் ரோஷம் வந்துவிட்டது.

“முதல் மூணு பாகம் படி. பிடிக்கலைன்னா இனிமே ஒரு புத்தகம்கூட இந்த வீட்டுப் படியேறாது. பிடிச்சுதுன்னா வாயைத் திறக்கக் கூடாது.”

“சரி, கொண்டாங்க” என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அவள் அரசு பிரசவ ஆஸ்பத்திரியில் பதிவுப் பிரிவு கிளார்க். போகும்போது பஸ்ஸில் படித்தாள். வரும்போது பஸ்ஸில் படித்தாள். வீட்டுக்கு வந்ததும் கால் நீட்டிப் படித்தாள். மூன்று பாகத்தோடு நிற்கவில்லை. ஏழு வாரத்தில் பதினாறும் காலி. ஏழு வாரமும் அடுப்பு என் பொறுப்பு. துணி என் பொறுப்பு. ஆனாலும் உள்ளுக்குள் எனக்கு ஒரே கொண்டாட்டம். வாய் அடைத்துவிட்டதே!

பதினாறாவதை மூடி வைத்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“எப்படி?” என்றேன், மார்பை நிமிர்த்திக்கொண்டு.

“அந்தப் பொண்ணுக்கு என்னங்க ஆச்சு?”

“எந்தப் பொண்ணு?”

“தளபதியோட பொண்டாட்டி. ரெண்டாம் பாகம், நாப்பத்தோராம் பக்கம். அவர் கப்பல் ஏறும்போது அவ மாசமா இருக்கா.”

“இருக்கட்டுமே.”

“எத்தனை நாளைக்கு இருப்பா? அப்புறம் அவளைப் பத்தி ஒரு வரி இல்லை. அவ மாசமானதுலேர்ந்து கதையில ஒம்பது வருஷம் எட்டு மாசம் ஓடிப்போச்சு. கணக்குப் பார்த்தா இப்ப அவளுக்கு நூத்துப் பதினாறாவது மாசம்.”

“அது முக்கியமில்லம்மா! நீ கதையோட கருவைப் பத்திப் பேசு.”

“அதைத்தானே பேசறேன்! பதினாறு பாகம் பிரசுரம் ஆயிருக்கு. ஒரு பிரசவம் ஆகலை. எங்க ஆபீஸ்ல அட்மிஷன் எழுதிட்டு டெலிவரி எழுதாம விட்டா மெமோ கொடுப்பாங்க, தெரியுமா?”

“இது போர்க்கதை!”

“போருக்குப் போனவன் ஒரு லெட்டர் போட மாட்டானா? பீரங்கிக்கு எண்ணெய் விட்டியான்னு தினம் மூணு தடவை கேட்கறான். எல்லாம் உங்களை மாதிரிதான்.”

கடைசி மூன்று சொல் இலக்கிய விமரிசனத்தில் சேராது. 

இந்த நேரத்தில்தானா ஆசிரியரே எங்கள் வட்டத்துக்கு வருவதாக டாக்டருக்குக் கார்டு போட வேண்டும்! எழுதியது பதினெட்டு வருஷம். வாசகர் வட்டம் என்று ஒன்றுக்கு வருவது இதுதான் முதல் தடவை. ஆளுக்கு ஒரு கேள்வி கேட்கலாம் என்று முடிவாயிற்று. என் கேள்வியை எழுதினேன். கப்பல் கவசத்தின் தடிமன் பற்றியது. நாலு பக்கம் வந்தது.

“நானும் வரேன்” என்றாள் மனைவி.

“அது... பதினாறு பாகமும் படிச்சவங்களை மட்டும்தான்...” என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன். நானே எழுதிய விதி என் கழுத்தைப் பிடித்தது.

கண் முன்னால் காட்சி ஓடியது. மேதை உட்கார்ந்திருக்கிறார். இவள் எழுந்து, “பிரசவம் ஆச்சா?” என்கிறாள். டாக்டர் என்னைப் பார்க்கிறார். மருந்துக்கடைக்காரர் என்னைப் பார்க்கிறார். அந்தப் பிளாஸ்டர் பல்கூட என்னைப் பார்க்கிறது. என் மானம் போய், செயலாளர் பதவியும் போய்... கூடாது!

கூட்டம் நாலு மணிக்கு. “அஞ்சு மணிக்கும்மா” என்றேன், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். அவள் வருவதற்குள் மேதையை ரயிலேற்றிவிடலாம்.

“சரிங்க” என்றாள். மறுபடியும் அந்தச் சரி!

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கே புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். “ஒரு வேலை இருக்கு. முடிச்சிட்டு அப்படியே வந்துடறேன்.” போய் வா தாயே என்று வாசல் வரை வந்து வழியனுப்பினேன்.

நாலு மணி. டாக்டர் கோட்டு போட்டிருந்தார். மருந்துக்கடைக்காரர் மாலையோடு நின்றார். நான் நாலு பக்கத்தோடு நின்றேன். வாசலில் ஆட்டோ வந்தது. முதலில் ஒரு குடை இறங்கியது. பின்னால் குடையைவிட ஒல்லியாக ஒரு பெரியவர். அவர் பின்னால் என் மனைவி, அவர் பையைத் தூக்கிக்கொண்டு.

“பாத்து வாங்க சார், படி உசரம்” என்றாள்.

“ரொம்ப உபகாரம்மா. எனக்குத் தெரியாத ஊர்ல ரயிலை விட்டு இறங்கினா திக்குத் திசை புரியாது” என்றார், கோடானுகோடி நட்சத்திரங்களுக்கு நடுவே கப்பல் ஓட்டியவர்.

விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. மூன்று வாரம் முன்பே அவருக்கு இவள் கடிதம் எழுதியிருக்கிறாள். அவர் பதில் போட்டு, ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துப்போக முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

“ஏங்க, சார் கார்டுல நாலு மணின்னு தெளிவா எழுதியிருந்தாரே, நீங்க ஏன் அஞ்சுன்னீங்க?” என்றாள், அறைக்கே கேட்கும்படி.

“கடிகாரம்...” என்றேன்.

“கடிகாரமா சொல்லுச்சு?”

மருந்துக்கடைக்காரர் மாலையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பெரியவர் உட்கார்ந்தார். நான் நாலு பக்கத்தையும் விரித்துத் தொண்டையைச் செருமினேன். அவர் கையைக் காட்டி என்னை அமர்த்தினார்.

“முதல்ல இந்த அம்மாவுக்குப் பதில் சொல்லிடறேன். பதினெட்டு வருஷமா மூட்டை மூட்டையாக் கடிதம் வருது. பீரங்கி ரெண்டு கூடிப்போச்சுன்னு ஒருத்தர் மாசாமாசம் எழுதறார்.” நான் பிளாஸ்டர் பல்லைப் பார்த்தேன். “அந்தப் பொண்ணு என்ன ஆனான்னு ஒருத்தர் கேட்கலை. நானும் மறந்துட்டேன். இவங்க கடிதத்தைப் படிச்சு எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கலை.”

அவர் கண் கலங்கியிருந்தது.  எனக்கே ஒரு நிமிஷம் என்னவோ போல் ஆகிவிட்டது. நாலு பக்கத்தை மெதுவாக மடித்தேன்.

அப்புறம் அவரும் இவளும் பேசினார்கள். தனியாகப் பிள்ளை பெறுகிறவள் பதிவுப் பாரத்தில் தகப்பன் பெயருக்கு நேரே எழுதும்போது கை எப்படி நிற்கும் என்று இவள் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். ஒரு மணி நேரம். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கவசத்தின் தடிமன் எனக்கு இன்றுவரை தெரியாது.

பத்து மாதத்தில் பதினேழாம் பாகம் தயார். கடைக்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே இவள் பெயரில் ஒரு பிரதி தபாலில் வந்தது. தளபதியின் படுக்கைக்கு அடியில் நூற்றுப் பதினாறு கடிதங்கள் பிரிக்காமல் கிடந்தனவாம். மனைவியே கப்பலுக்கு வந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, சிப்பாய்கள் எல்லோர் முன்னாலும் படிக்க வைத்தாளாம். தளபதிக்கு விடுப்பு கொடுத்து, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கப்பலை அவளே நடத்துகிறாளாம். பதினேழு பாகத்தில் முதல் முறையாகக் கப்பல் சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடம் போய்ச் சேர்ந்ததாம்.

எங்களுக்கு ரத்தம் கொதித்தது. அவசரக் கூட்டம் போட்டோம். நோட்டில் எழுதினேன்: “பதினேழாம் பாகம் பெரும் வீழ்ச்சி. வீரத்துக்கு இழுக்கு. ஆசிரியருக்கு வயதாகிவிட்டது.” டாக்டர் கையெழுத்துப் போட்டார். மருந்துக்கடைக்காரர் இரண்டு இடத்தில் போட்டார்.

நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். நிதானமாகப் படித்தாள். ‘வீழ்ச்சி’யில் நான் போட்டிருந்த ‘ள்’ளை ‘ழ்’ ஆக்கினாள்.

“உங்க மூணு பேர்ல யாராவது புத்தகத்தைப் படிச்சீங்களா?”

“நீதான் கதையைச் சொன்னியே!”

“நான் சொன்னது முதல் அறுபது பக்கம்.”

“அப்ப கொடு, முழுசும் படிச்சிட்டு எழுதறேன்.”

“ஆஸ்பத்திரியில இருக்குங்க. நர்சுங்க, ஆயாங்க, பிரசவத்துக்கு வந்தவங்கன்னு படிக்க முப்பத்தெட்டு பேர் பேரு கொடுத்திருக்காங்க” என்று சொல்லி, பையிலிருந்து ஒரு பட்டியலை எடுத்து, முப்பத்தொன்பதாவதாக என் பெயரை எழுதிக்கொண்டாள்.