லென்ஸுக்குள் சம்பந்தியின் தலை

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

கலங்கரை விளக்கத்தில் விளக்கேற்றி ஓய்வு பெற்ற உங்கள் தங்கை கணவன் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் வீட்டில் அனைவரும் சுகமென்று நம்புகிறேன். இங்கே நான் மட்டும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இருக்கிறேன்.

நீங்கள் அலைந்து திரிந்து கொண்டுவந்த சம்பந்தம். பெண்ணுக்கும் பையனைப் பிடித்துப்போயிருந்தது. நேற்று கல்யாணத் தேதி குறிக்கப் பையனின் அப்பா வந்தார். பேசி முடித்திருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்குமா? நான் வேலை பார்த்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்து பேசலாம் என்று அந்தப் பெரிய மனிதரைப் படியேற்றிவிட்டேன். ஏறும்போதே சரித்திரத்தை அவிழ்த்துவிட்டேன். முதலில் மேட்டில் விறகு எரித்தார்கள், அப்புறம் எண்ணெய்த் திரி, கண்ணாடியெல்லாம் கரி, அப்புறம் மண்ணெண்ணெயை ஆவியாக்கி எரிக்கிற விளக்கு, லென்ஸ் சுற்றுவதற்குக் கடிகாரம்போல நாங்கள் முறைபோட்டுச் சாவி கொடுத்தோம், அப்புறம் கரண்ட், பல்பு, இப்போது வெளிக் கம்பியில் சோப்புப்பெட்டி அளவில் ஒரு எல்.இ.டி., அது தானே எரிந்து தானே அணைகிறது, ஆளே வேண்டாம் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். மூச்சு வாங்கியது அவருக்குத்தான்.

மேலே அந்த ஆள் உயர லென்ஸ் மட்டும் இன்னும் இருக்கிறது, உள்ளே விளக்கு கிடையாது. விளக்கு இருந்த இடத்தில் தலையை வைத்துப் பாருங்கள் என்றேன். மனுஷன் மரியாதைக்காக நுழைந்தார். அதோடு விட்டேனா? பளபளப்பு தெரியட்டுமென்று ஜன்னல் திரையைச் சர்ரென்று இழுத்தேன். மச்சான், அந்தத் திரை எதற்கு? வெளிச்சத்தைக் கடலுக்கு அனுப்புகிற கண்ணாடி, பகலில் வெயிலை வாங்கி விளக்கு இருக்கும் இடத்தில் குவித்துவிடும், பற்றிக்கொள்ளும் என்றுதானே? வேலையிலிருந்த காலமெல்லாம் விடிந்ததும் அதை மூடியவனே நான்தான். விளக்கு இல்லை என்ற நினைப்பில் வெயிலை மறந்துட்டேன். பொசுங்குற வாடை வந்துச்சு. அவர் உச்சந்தலையில புகை. பதறிப்போய் ரெண்டு தட்டு தட்டுனேன். முடி மொத்தமா என் கையோட வந்துடுச்சு.

விக், மச்சான். எனக்கென்ன தெரியும்? அவர் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினார். பின்னாலேயே நான், அதைக் கையில் ஏந்திக்கொண்டு. கொடுக்கவும் முடியவில்லை, கீழே போடவும் முடியவில்லை. வாங்கிக்கொள்ளாமலே போய்விட்டார். உங்கள் தங்கை என்னோடு பேசுவதில்லை. பெண் அழுது அழுது முகம் வீங்கிக் கிடக்கிறாள். பெத்த பொண்ணு வாழ்க்கையை நானே கெடுத்துட்டேனேன்னு வெட்கமா இருக்கு. நீங்கள் போய் அவர் காலில் விழுந்தாவது பாருங்கள். முடியாதென்று சொல்லிவிட்டால், அதைப் பெண்ணிடமும் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். எனக்குத் தெம்பில்லை.

குழந்தைகளுக்கு என் ஆசிகள், அதற்கு எனக்குத் தகுதியிருந்தால்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும் உங்கள் தங்கை கணவன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது பையன் வந்து நின்றான். சண்டைக்குத்தான் என்று நான் சமையலறைக்குள் போய்விட்டேன். அவன் நேரே பெண்ணிடம் போய், "அப்பாவோடது தெரிஞ்சுபோச்சு. என்னோடதை நானே சொல்லிடறேன். கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம்னு வீட்டுல சொன்னாங்க, எனக்குத்தான் மனசு கேக்கலை" என்று தன் தலையிலிருந்ததைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இப்பதான் நல்லா இருக்கீங்க" என்றாள். அவனே போனில் அப்பாவையும் சம்மதிக்க வைத்தான், தேதி குறித்தாயிற்று. நீங்கள் யார் காலிலும் விழ வேண்டாம். ஆனால் இவ்வளவு விசாரித்துச் சம்பந்தம் கொண்டுவந்த அண்ணனுக்கு இது முன்னாலேயே தெரியுமா என்று உங்கள் தங்கை கேட்கிறாள். பதிலை யோசித்துக்கொண்டு வாருங்கள்.